சிரிங்க பாஸ்... கார் உங்களைப் பார்க்குது!

பஸ் ஸ்டாப்ல யாராவது ரெண்டு நிமிஷம் நம்மையே உத்துப் பார்த்தா என்ன பண்ணுவோம்? ''என்ன பாஸ், ஏதாவது பிரச்னையா?''னு நேரா கேட்டுடுவோம். அதே பஸ் ஸ்டாப் எதிர்ல பார்க் பண்ணியிருக்கிற ஒரு கார் உங்களையே பார்த்துக்கிட்டு இருந்தா? கேட்க மாட்டோம். ஏன்னா, கார் பார்க்கும்னே நமக்குத் தோணாது!

இனிமே தோணணும் ஃப்ரெண்ட்ஸ். மைலேஜ் எவ்வளவு, பிக்-அப் எப்படினு கேட்ட காலம் போய், 'எத்தனை கேமரா?'னு கேட்டு கார் வாங்குற காலம் வந்தாச்சு. அந்த கேமராக்கள் எதைப் பார்க்குது, பார்த்ததை எங்கே கொண்டுபோய் கொட்டுதுங்கிறதுதான் இந்த வாரம் நாம பேசப்போற மேட்டர். கார் இல்லாதவங்களும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. சொல்லப்போனா, இது உங்களுக்காகத்தான்!

ஒரு கார்... எத்தனை கண்?

முதல்ல ஒரு சின்ன அட்டெண்டன்ஸ்.

ரிவர்ஸ் கேமரா நம்ம எல்லாருக்கும் பழகின கேஸ். கார் பின்னாடி வரும்போது அங்கே நிற்கிற குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாமல் அடிபடுவதைத் தடுக்க வந்தது. அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து எல்லா புது கார்களிலும் இது கட்டாயம்.

அடுத்து, '360 டிகிரி' கேமரா. முன்னால் கிரில்லில் ஒன்று, ரெண்டு பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்று, பின்கதவில் ஒன்று... ஆக மொத்தம் நாலு. நாலு படத்தையும் சாஃப்ட்வேர் தைத்து, ஏதோ காருக்கு மேலே ஹெலிகாப்டர் பறக்கிற மாதிரி ஸ்கிரீன்ல காட்டும். டைட்டான பார்க்கிங்ல கடவுள் மாதிரி!

மூணாவது, முன் கண்ணாடியில் ரியர்வியூ மிர்ரருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற கேமரா. ரோட்டுக் கோடு, முன்னாடி போற வண்டி, குறுக்கே வர்ற ஆள் எல்லாவற்றையும் பார்த்து, தேவைப்பட்டால் தானே பிரேக் போடும்.

நாலாவதுதான் கொஞ்சம் ஜில்லிட வைக்கும். அது ரோட்டைப் பார்க்காது, டிரைவரைப் பார்க்கும். ஸ்டீயரிங் பக்கத்திலேயோ டேஷ்போர்டு மேலேயோ உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் வெளிச்சத்தை முகத்தில் அடித்து, இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கு, கண் ரோட்டில் இருக்கா, மொபைலில் இருக்கானு கணக்குப் போடும். நட்டநடு ராத்திரியிலும் வேலை செய்யும்.

டெஸ்லா கம்பெனி 2016 அக்டோபரில் அறிவித்த சிஸ்டத்தில் காரைச் சுற்றி எட்டு கேமராக்கள். 'மாடல் 3' காரில் உள்ளேயும் ஒன்று, சீட்டைப் பார்த்தபடி. 2019-ல் 'சென்ட்ரி மோட்' வந்தது. வண்டியை நிறுத்திட்டு நீங்க போன பிறகும் காவல் காக்கும். யாராவது கிட்ட வந்தால் ரெக்கார்டிங் ஸ்டார்ட்!

இதெல்லாம் தப்பா? தப்பே இல்லை. ராத்திரி மூணு மணிக்கு பைபாஸ்ல கண் அசந்துபோற டிரைவரை 'பீப்' அடிச்சு எழுப்புற கேமரா, ஒரு குடும்பத்தையே காப்பாத்துது. பிரச்னை, படம் எடுக்கிறதில் இல்லை. எடுத்த பிறகு ஆரம்பிக்குது.

படம் எங்கே போகுது?

கேமரா பார்க்கிற காட்சிக்கு ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, காருக்குள்ளேயே இருக்கிற சிப் பார்க்கும், முடிவெடுக்கும், அடுத்த நொடி மறந்துடும். உங்க பாட்டி கண்ணாடி போடாம டி.வி. பார்க்கிற மாதிரி, வந்துச்சு, போச்சு.

ரெண்டாவது வழி, காரில் இருக்கிற இன்டர்நெட் வழியா படம் கம்பெனிக்குப் போகும். ஏன் போகணும்? தானாக ஓடுகிற காருக்கு யாராவது பாடம் எடுக்கணும் இல்லையா! ரோட்டோரம் கிடப்பது நாயா, சாக்கு மூட்டையா? தூரத்தில் தெரிவது சிக்னல் சிவப்பா, ஜவுளிக்கடை போர்டா? மெஷினுக்கு முதலில் தெரியாது. மனிதர்கள் ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் பெட்டி போட்டு, 'இது நாய்', 'இது நடந்து போகும் ஆள்' என்று பெயர் எழுதணும். இதற்குப் பேர் டேட்டா லேபிளிங். லட்சக்கணக்கான படங்கள் இப்படிப் போனால்தான் மெஷின் பாஸ் மார்க் வாங்கும்.

ஆக, மெஷின்தானே பார்க்குதுனு நாம நினைச்சுக்கிட்டு இருக்கிற படத்தை, எங்கேயோ ஒரு ஆபீஸில் நம்ம வயசுப் பையனோ பொண்ணோ பார்த்துக்கிட்டு இருக்கலாம். பார்த்தது மட்டுமா?

சான் மேட்டியோ சமாசாரம்!

2023 ஏப்ரல். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு பெரிய வெடியைக் கொளுத்திப் போட்டது. 2019-லிருந்து 2022 வரை, வாடிக்கையாளர்களின் கார் கேமராக்களில் பதிவான படங்களையும் வீடியோக்களையும் டெஸ்லா ஊழியர்கள் சிலர் கம்பெனியின் உள் சாட்டிங் சிஸ்டத்தில் தங்களுக்குள் ஷேர் பண்ணிக்கொண்டார்கள் என்பதுதான் செய்தி. சொன்னவர்கள், அங்கே வேலை பார்த்த ஒன்பது முன்னாள் ஊழியர்கள்.

என்ன மாதிரி வீடியோ? ஒருவர் உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் ஒரு காரை நோக்கி நடந்து வருவது. ரோட்டில் நடந்த சண்டைகள். விபத்துகள். குடியிருப்புப் பகுதியில் வேகமாகப் போன கார், சைக்கிளில் வந்த ஒரு குழந்தையை மோதும் காட்சி... அது கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ ஆபீஸில் காட்டுத்தீ மாதிரி பரவியதாம். ஒரு குழந்தை தூக்கி எறியப்படுவதை ஒருவர் இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்கிறார். கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க.

நாய்க்குட்டி, காமெடியான ரோடு போர்டு எல்லாம் கமென்ட் அடித்து மீம் ஆகியிருக்கிறது. வீட்டு கராஜுக்குள் கிடந்த அந்தரங்கப் பொருட்கள்கூடத் தப்பவில்லை. உச்சகட்ட காமெடி என்னன்னா, 1977-ல் வந்த ஒரு ஜேம்ஸ்பாண்ட் படத்தில் தண்ணிக்குள் போகுமே வெள்ளை லோட்டஸ் கார், அது ஒரு கராஜில் நிற்கிற வீடியோவும் கைமாறியிருக்கிறது. அந்தக் காரை 2013-ல் ஏலத்தில் எடுத்தவர் யார் தெரியுமா? டெஸ்லா முதலாளி ஈலான் மஸ்க்கேதான்!

'கேமரா பதிவுகளில் உங்கள் அடையாளம் இருக்காது. அது உங்களோடோ உங்கள் காரோடோ இணைக்கப்படாது' என்பது கம்பெனி தந்திருந்த வாக்குறுதி. ஆனால், வேலை செய்த சாஃப்ட்வேரிலேயே வீடியோ எடுக்கப்பட்ட இடத்தைப் பார்க்க முடிந்தது என்று ஏழு முன்னாள் ஊழியர்கள் சொன்னார்கள். இடம் தெரிந்தால், வீடு தெரியும். வீடு தெரிந்தால், ஆள் யாரென்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எல்லா முன்னாள் ஊழியர்களும் இதையே சொல்லவில்லை. வேலைக்காக மட்டுமே படங்கள் கைமாறியதைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. ராய்ட்டர்ஸ் அனுப்பிய கேள்விகளுக்கு டெஸ்லாவிடமிருந்து பதில் வரவில்லை.

அந்தச் செய்தியில் என்னை ரொம்ப உறுத்தினது வேற ஒண்ணு. அந்த ஆபீஸில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளின் ஆரம்பத்திலும் இருந்தவர்கள். மீம், வைரல், ஜாலி... அதாவது, வில்லன் யாரும் இல்லை. நம்ம க்ளாஸ் வாட்ஸ்-அப் குரூப் மாதிரி ஒரு கும்பல்தான்!

'ஓ.கே.' சொன்னது யாரு?

''கார் வாங்கும்போதே 'ஐ அக்ரீ' அமுக்கிட்டாங்களே, அப்புறம் என்ன?''னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா, அமுக்கினது யாரு? கார் ஓனர். கேமரா பார்க்கிறது யாரை? ரோட்டில் நடந்து போறவங்களை, பக்கத்து சீட் ஃப்ரெண்டை, எதிர்வீட்டு ஜன்னலை, தெருவில் கிரிக்கெட் ஆடுற பொடியனை. இவங்ககிட்ட யாரு 'ஓ.கே.' வாங்கினா?

இந்தக் கேள்வியை உருப்படியாகக் கேட்ட ஊர் நெதர்லாந்து. பார்க்கிங்கில் நிற்கும் டெஸ்லா கார்கள் போற வர்ற எல்லோரையும் படம் பிடிக்குதே என்று அந்நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது. யாரோ ஒருவர் ஜன்னலுக்கு எதிரே அந்தக் காரை நிறுத்தினால், உள்ளே நடப்பதெல்லாம் பதிவாகுமே என்பது அவர்கள் கவலை. 2023 பிப்ரவரியில் ரிசல்ட் வந்தது. அதற்குள் டெஸ்லா செட்டிங்கை மாற்றிவிட்டது. இப்போது ஓனர் ஆன் செய்தால்தான் கேமரா விழிக்கும். விழித்தால் ஹெட்லைட் மினுக்கி, 'படம் எடுக்கிறேன்' என்று சிக்னல் தரும். முன்பு ஒரு மணி நேரப் பதிவு சேர்ந்துகொண்டிருந்தது. அது அதிகபட்சம் பத்து நிமிஷமாகக் குறைந்தது. படம் காரிலேயே இருக்கும். கம்பெனிக்குப் போகாது. அதோடு, தப்பாகப் படம் பிடித்தால் சட்டப்படி பொறுப்பு கார் ஓனர் தலையில்தான் என்றும் ஆணையம் சொல்லிவிட்டது. எப்பூடி?

பின் சீட்டில் உட்காருபவர் கதை இன்னும் மோசம். 2018-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உபர், லிஃப்ட் டாக்ஸி ஓட்டிய ஒரு டிரைவர், பயணிகளுக்கே தெரியாமல் அவர்களை 'ட்விட்ச்' தளத்தில் லைவ் ஒளிபரப்பிக்கொண்டிருந்தார். சுமார் 700 ட்ரிப்புகள்! யார் யாரோடு சண்டை போட்டாங்க, எந்த வீட்டில் இறங்கினாங்க எல்லாம் நேரடி ஒளிபரப்பு. பார்க்கிறவங்க கமென்ட் வேற. பேசுகிற இருவரில் ஒருவர் சம்மதித்தாலே பதிவு செய்யலாம் என்பது மிஸெளரி மாநிலச் சட்டம். அந்த 'ஒருவர்' டிரைவரேதான்! செய்தி வெளியானதும் ரெண்டு கம்பெனிகளும் அவரை நீக்கின. அவர் வாங்கி மாட்டியது தனி கேமரா. இன்றைக்கு உள்பக்க கேமரா காரோடு சேர்ந்தே வருகிறது.

போலீஸும் கேட்கும்... மிலிட்டரியும் பயப்படும்!

2024-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஒரு கூத்து. கொலை நடந்த இடத்துக்குப் பக்கத்தில், ஹோட்டல் பார்க்கிங்கில் ஒரு கனடா டூரிஸ்ட்டின் டெஸ்லா நின்றிருந்தது. அதில் காட்சி பதிவாகியிருக்கலாம் என்று போலீஸ், காரையே கட்டி இழுத்துப்போக லாரியை அனுப்பிவிட்டது. குற்றவாளி இல்லை, சாட்சிகூட இல்லை. நின்றது கார் மட்டும்தான்! ஓனர் ஓடிவந்து, 'வீடியோவை நானே தர்றேன்'னு சொன்ன பிறகுதான் வண்டி தப்பிச்சது.

2025 ஜனவரி 1-ம் தேதி லாஸ்வேகாஸில் ஒரு 'சைபர்டிரக்' வெடித்தபோது, அது வழியில் சார்ஜ் ஏற்றிய இடங்களின் வீடியோக்களை டெஸ்லாவே போலீஸுக்குக் கொடுத்தது. விசாரணைக்கு உதவியது நல்ல விஷயம்தான். ஆனால், ஒரு கார் எங்கெங்கே நின்றது என்று ஒரு கம்பெனியால் மளமளவென்று சொல்ல முடியும் என்பதும் அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது.

சீனா? 2021 மார்ச்சில் ராணுவ வளாகங்களுக்குள் டெஸ்லா கார்கள் நுழையவே தடை. காரணம், அதே கேமராதான். எங்கள் கார் உளவு பார்த்தால் கம்பெனியையே இழுத்து மூட வேண்டியிருக்கும் என்று மஸ்க் அப்போது விளக்கம் கொடுத்தார். ஒரு ராணுவமே 'வெளியே நிறுத்து' என்கிறது. நாமோ அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம்!

டெஸ்லா மட்டும்தான் இப்படினு நினைச்சுடாதீங்க. 2023 செப்டம்பரில் மொஸில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் பிரைவசி கொள்கைகளைப் படித்துப் பார்த்தது. பாஸ் ஆனது எத்தனை? பூஜ்யம்! 25-ம் அரியர். நாம செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் விட்டாலே வீட்டுல என்னா பேச்சு பேசுறாங்க!

மறதி நல்லது!

'அப்ப கேமராவே வேணாமா?'ன்னா, அதுக்கும் விடை இருக்கு. ஐரோப்பிய யூனியன், தூக்கம் மற்றும் கவனச்சிதறலை எச்சரிக்கும் சிஸ்டங்களைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிக்கொண்டு வருகிறது. புது கார்கள் எல்லாவற்றிலும் தூக்க எச்சரிக்கை கட்டாயமானது 2024 ஜூலையில். ஆனால், 2019-ல் போட்ட அந்தச் சட்டத்திலேயே ஒரு கிடுக்கிப்பிடி வைத்திருக்கிறார்கள். அந்த சிஸ்டம் விடாமல் பதிவு செய்துகொண்டே இருக்கக் கூடாது. வேலைக்குத் தேவையான தகவலை மட்டும் காருக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும். வெளியாள் யாருக்கும் தரக் கூடாது. வேலை முடிந்தவுடன் அழித்துவிட வேண்டும்.

டிரைவரின் உயிரைக் காப்பாற்ற அவர் முகத்தைச் சேமித்து வைக்கத் தேவையே இல்லை. கண் மூடியிருக்கா, திறந்திருக்கா... அவ்வளவுதான் கேள்வி. இன்ஜினீயரிங் படிக்கிற நமக்கு இது நல்லாவே புரியும். இமை அசைவைப் பார்க்கிற சிப், அந்தப் படத்தை ஆபீஸுக்கு அனுப்பணும்னு எந்த ஃபார்முலாவும் சொல்லலை. அனுப்புவது டெக்னாலஜியின் கட்டாயம் இல்லை. யாரோ எடுத்த முடிவு.

நம்ம ஊர்ல..?

2023-ல் வந்த ஹூண்டாய் 'எக்ஸ்டர்' காரில் முன்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என ரெண்டு கேமரா உள்ள டேஷ்கேம் உண்டு. அது தயாராவது நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில். 2024 நவம்பரில் மஹிந்திரா தன் 'பிஇ 6', 'எக்ஸ்இவி 9இ' எலெக்ட்ரிக் கார்களைச் சென்னையில்தான் அறிமுகம் செய்தது. டிரைவர் அசந்து போகிறாரா என்று பார்க்க உள்ளே கேமரா, அதிலேயே செல்ஃபியும் எடுக்கலாம். 2025 ஜூலையில் டெஸ்லாவும் மும்பையில் கடை திறந்துவிட்டது. ஆக, இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லை.

சட்டம்? 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பு சொன்னது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். செமதான்!

ஆனால், ஒரு இடத்தில் இடிக்குது. தனிநபர் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கம்பெனி சர்வருக்குக் கடிவாளம் இருக்கு. உங்க எதிர்வீட்டு அங்கிளோட டேஷ்கேமுக்கு? அது அவரோட மனசாட்சி கையில்!

நீங்க என்ன பண்ணலாம்?

* வீட்டில் புது கார் வந்ததும் பாட்டு சிஸ்டத்தை நோண்டுறதுக்கு முன்னாடி, செட்டிங்கில் 'டேட்டா ஷேரிங்' எங்கே இருக்குனு தேடுங்க. தேவையில்லாததை ஆஃப் பண்ணுங்க. அப்பா இதைச் செய்ய மாட்டார். நீங்கதான் வீட்டு ஐ.டி. டிபார்ட்மென்ட்!

* கார் ஆப்பின் லாகின் யார் யாரிடம் இருக்குனு பாருங்க. சில கார்களில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேமராவை லைவா பார்க்கலாம்.

* செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினாலும் வித்தாலும், ஃபேக்டரி ரீசெட் அவசியம். பழைய ஓனரின் அக்கவுன்ட் காரிலிருந்து நீங்கியாச்சானு செக் பண்ணுங்க. டேஷ்கேமின் மெமரி கார்டைக் கழற்ற மறக்காதீங்க.

* கால் டாக்ஸியில் ஏறினதும் மிர்ரர் பக்கம் ஒரு பார்வை. கேமரா இருந்தா, ''அண்ணா, இது உள்ளேயும் ரெக்கார்ட் ஆகுதா? பேசுறதும் பதிவாகுதா?''னு கேளுங்க. கேட்கிறது தப்பே இல்லை. அவர் பாதுகாப்புக்கு அது தேவைப்படலாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

* தூக்கத்தை எச்சரிக்கிற கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. பிரைவசி மிஞ்சும், ஆள் மிஞ்ச மாட்டார்!

* விபத்து வீடியோ குரூப்ல வந்தா, ஃபார்வர்டு பட்டனிலிருந்து கையை எடுங்க. கீழே விழுந்து கிடக்கிறது யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளை.

கடைசியா, நம்ம பசங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. படம் பார்த்துப் பெட்டி போடுற அந்த லேபிளிங் வேலை நம்ம மாநிலத்துக்கும் எப்பவோ வந்தாச்சு. அந்தக் காரை டிசைன் பண்ற வேலையும்தான். கேம்பஸ் இன்டர்வியூ முடிச்சு நம்மில் சில பேர் அந்த ஸ்கிரீன் முன்னாடி உட்காரப்போறோம். சில பேர் அந்த சாஃப்ட்வேரையே எழுதப்போறோம். படம் காரைவிட்டு வெளியே போறதுக்கு முன்னாடியே முகத்தையும் நம்பர் பிளேட்டையும் மங்கலாக்கலாம். இடத்தை அழிச்சுட்டு அனுப்பலாம். யார், எந்த வீடியோவை, எப்போ திறந்தாங்கனு கணக்கு வைக்கலாம். இதில் எதுவுமே ராக்கெட் சயின்ஸ் இல்லை, நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லெவல்தான்.

அன்னிக்கு உங்க டீம் மீட்டிங்கில், 'இந்தப் படம் நமக்கு எதுக்கு, எப்போ அழிப்போம்?'னு முதல் ஆளா நீங்க கை தூக்கணும். ரோட்டில் நடந்து போறவர் அந்த மீட்டிங்கில் இருக்க மாட்டார். அவருக்காகக் கேட்க நீங்கதான் இருப்பீங்க.